பயம் என்றொரு நிலா
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செவ்வாய்க்கு இரண்டு நிலாக்கள். 1877-இல் அசாப் ஹால் கண்டுபிடித்தார். பெரியதற்குப் பெயர் போபோஸ். கிரேக்கப் புராணத்தில் போர்க் கடவுளின் மகன். பெயருக்குப் பொருள் 'பயம்'. குறுக்களவு சுமார் 22 கிலோமீட்டர்தான். நம்ம மதுரையிலிருந்து அழகர்கோயில் போகிற தூரம்! செவ்வாயை 7 மணி 39 நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

2020 ஜூலை 1-ஆம் தேதி நம் மங்கள்யான் அதைப் படம் பிடித்தது. ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பிய கலம், ஆறாவது ஆண்டில் எடுத்த படம் அது!

அந்தக் கலத்துக்கும் ஒரு கண்டம் இருந்தது. சுமார் 300 நாள் சும்மா கிடந்த என்ஜின் மறுபடி ஓடுமா? ஓடாவிட்டால் செவ்வாயைத் தாண்டிப் போயே போய்விடும். 2014 செப்டம்பர் 22-இல் நாலே விநாடி ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. 24-இல் சுற்றுப்பாதையில் சேர்த்தார்கள்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வந்த தம்பிகள், "அண்ணே, இன்டர்வியூவில் இங்கிலீஷ் வருமா?" என்று கேட்கிறார்கள். அந்த நாள்வரை வாயைப் பூட்டி வைக்காதீங்க. இன்றைக்கே ஹாஸ்டலில் நாலு வாக்கியம் பேசிப் பாருங்க. தப்பு வந்தாலும் திருத்திக்கொள்ள நாள் இருக்கும்.