பின் கண்ணாடி வைப்பர் ஓடவில்லையா?



உல்லாஸ் நதியின் பெயரால் அமைந்த ஊர் உல்லாஸ்நகர். இந்தப் பக்கத்து மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. உல்லாஸ் நதியும் பொங்கியது. அவ்வளவு பெரிய மழை எப்போதோ ஒருமுறைதான் வரும். ஆனால் ஆண்டுதோறும் நான்கு மாதம் மழையில்தான் வண்டி ஓட்டியாக வேண்டும்.

டிக்கி இல்லாத சின்னக் கார்களைப் பாருங்கள். அவற்றின் முதுகு செங்குத்தாக இருக்கும். ஓடும்போது சக்கரம் வாரி இறைக்கும் சேறு பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்கத்தான் பின்னால் ஒரு வைப்பர் வைத்திருக்கிறார்கள். அது ஓடாவிட்டால் என்ன ஆகும்? குறுகிய சந்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அங்கே விளையாடும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இது சின்ன விஷயம் அல்ல.

வைப்பர் ஓடவில்லை என்றதும் பலர் சொல்வது ஒன்றே: "மோட்டார் போயிற்று. புதிது போட வேண்டும்." புது மோட்டார் போட்ட பிறகும் வைப்பர் ஓடாமல் நிற்பது உண்டு. வண்டிக்காரருக்குப் பணம் நஷ்டம். மெக்கானிக்குக்குப் பெயர் நஷ்டம். மோட்டாரைக் குறை சொல்லும் முன், மின்சாரம் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

அந்த வழி எது? மின்சாரம் பாட்டரியில் புறப்படுகிறது. பியூஸ், சுவிட்ச், வயர் வழியாக மோட்டாருக்கு வருகிறது. பிறகு எர்த் வயர் மூலம் வண்டியின் இரும்பு உடம்புக்குப் போய், பாட்டரிக்கே திரும்புகிறது. போனால் மட்டும் போதாது. திரும்பியும் வர வேண்டும். வழியில் ஓர் இடம் அறுந்தாலும் மோட்டார் ஓடாது.

முதலில், பின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் கதவு திறந்திருந்தால் வைப்பர் ஓடாது.

அடுத்து பியூஸ். பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் எந்த பியூஸ் எதற்கு என்று படம் போட்டிருக்கும். பியூஸின் தலையில் எண் இருக்கும். சிவப்பு என்றால் 10 ஆம்பியர். நீலம் 15. மஞ்சள் 20. எரிந்த பியூஸுக்குப் பதில் அதே எண் உள்ளதைத்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுவதும், கம்பியைக் கட்டுவதும் ஆபத்து. கோளாறு இருந்தால் பியூஸ் எரிந்து வண்டியைக் காப்பாற்றும். கம்பி எரியாது, வயர் எரியும். வண்டியே தீப்பிடிக்கும்.

புது பியூஸும் உடனே எரிகிறதா? அப்படியானால் எங்கோ வயர் உராய்ந்து இரும்பைத் தொடுகிறது. அல்லது மோட்டாரின் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது.

பியூஸ் நன்றாக இருந்தால் பின் கதவுக்குப் போங்கள். கதவின் கீல் பக்கத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள்தான் வயர்கள் போகின்றன. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அவை வளைகின்றன. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? அப்படித்தான் வயரும் இங்கே அறுகிறது. கதவில் உள்ள நம்பர் பிளேட் விளக்கும் எரியவில்லை என்றால் சந்தேகம் உறுதியாகும். பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். பிறகு ரப்பரை நகர்த்திப் பாருங்கள். அறுந்த இடத்தில் புது வயர்த் துண்டு சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, இன்சுலேஷன் செய்யுங்கள். வெறுமனே முறுக்கி விட்டால் மறுபடியும் அறும்.

வயரும் நன்றாக இருந்தால் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை வண்டியின் சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். சாவியையும் வைப்பர் சுவிட்சையும் போட்டு, மறு முனையால் கனெக்டரைத் தொடுங்கள். எரியவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை. மோட்டார்மீது குற்றம் இல்லை. எரிந்தால் எர்த் வயரைப் பாருங்கள். அதன் திருகு துருப்பிடித்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். மின்சாரமும் வருகிறது, எர்த்தும் சரி, ஆனாலும் மோட்டார் ஓடவில்லை. அப்போது மட்டும் மோட்டாரை மாற்றச் சொல்லுங்கள்.

ஒடிந்த வயர் சில ரூபாய்ச் சாமான்தான். "இதற்குப் போய் இவ்வளவு கூலியா?" என்று சிலர் கேட்பார்கள். தயங்க வேண்டாம். கழற்றிய வயரைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். தேடிக் கண்டுபிடித்த நேரத்துக்கும் அறிவுக்கும் கூலி உண்டு. தேவையில்லாத மோட்டாரை விற்காத மெக்கானிக்கைத் தேடி, அந்த வண்டி மறுபடியும் வரும்.

இந்த வேலைக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பியூஸின் எண்ணைப் படிக்க வேண்டும். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். இரண்டையும் இப்போது உங்களால் செய்ய முடியும்.