கோடைக்கு உதவும் முளைப்பயறு
(சாத்தூர் வட்டார ஐக்கிய சங்க அங்கத்தினருக்கான பிரசங்கம்)



மாரியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போடும் வழக்கம் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதிதன்று. இருட்டறையில் பயறு முளைக்கும் விதத்தைப் பெண்மக்கள் நன்கறிவர். அதே வேலையை மண்ணும் எருவும் இன்றிச் செய்து, இரண்டு நாளோடு நிறுத்தினால் அது நல்ல ஆகாரமாகும்.

கோடை வந்தால் கரிசற்காட்டில் கீரை அருகிவிடுகிறது. கடைக்கு வருவதோ விலையேறி விற்கிறது. அப்போது சரீரத்திற்குக் குறைவது 'சி' என்னும் உயிர்ச்சத்து. நெடுநாள் அது கிடையாவிடில் ஈறு வீங்கி ரத்தம் கசியும், புண் ஆறாது. இதுவே ஸ்கர்வி வியாதி. 1916-இல் மெசபொடேமியாவின் கூட் நகரில் முற்றுகைக்குள் அகப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் இதனால் வருந்தினர். உலர்ந்த பயற்றில் இச்சத்து மிகச் சொற்பம். முளை விட்டதும் பெருகுகிறது. லண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக் அம்மையாரும் சகாக்களும் அந்த யுத்த காலத்திலேயே இதனைச் சோதித்துக் காட்டினர். 1940-ஐ ஒட்டிப் பஞ்சாபின் ஹிஸார் ஜில்லாவில் பஞ்சம் நேர்ந்தபோது, ஸ்கர்வி கண்டவர்களுக்கு முளைவிட்ட கடலையே மருந்தாக வழங்கப்பட்டது.

ஒரு குடும்பத்திற்கு உழக்குப் பாசிப்பயறு போதும். கல்லும் சொத்தையும் நீக்கி, நன்றாய்க் கழுவி, இரவில் சுத்த ஜலத்தில் ஊறவிட வேண்டும். காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் தளர்த்தியாக முடிந்து, நிழலில் தொங்கவிடலாம். காலை மாலை இருவேளையும் துணியோடு அலசுவது அவசியம். துணி உலரவும் கூடாது, அடியில் நீர் தேங்கவும் கூடாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மறுநாள் அரை அங்குல முளை காணும். சாத்தூர் வெயிலுக்கு முளைப்பதும் விரைவு, கெடுவதும் விரைவு. பிசுபிசுப்போ நாற்றமோ தட்டினால் எருக்குழிக்கே அனுப்புக.

முளை வளரும் அதே ஈரத்தில் நோய்க்கிருமியும் வளரக்கூடும். ஆதலால் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் இதனைப் பச்சையாக உண்ணலாகாது. ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும். வேகும்போது உயிர்ச்சத்தில் ஒரு பங்கு அழியும் என்பது உண்மையே. இறக்கி ஆறியபின் எலுமிச்சஞ்சாறு பிழிந்தால் அக்குறை ஓரளவு நீங்கும்.

உடைத்த பருப்பு முளைக்காது, முழுப்பயறே வேண்டும். விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய பயற்றை மட்டும் தொடலாகாது. அதில் பூச்சிமருந்து கலந்திருக்கக்கூடும். எத்தனை முறை கழுவினாலும் அந்த விஷம் முற்றும் போகாது. விதை வாங்கும் வீட்டில் அதற்கென வேறு பானை வைத்து, சமையற்கட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நலம்.