அட்டைக்குப் பின்னால் ஓடும் பாதை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் இப்போது கணினி வழியே நடைபெறுகிறது. விலை கேட்போர் பலர் இருந்தால்தான் போடிமெட்டுச் சரிவிலிருந்து மூட்டை கொண்டுவந்தவர் முகம் மலரும். ஒருவரே கேட்டால் அதை ஏலமென்று யார் சொல்வார்?

கடன் அட்டையிலோ போட்டி தலைகீழாக நிற்கிறது. அட்டை தருவது வங்கி. அந்த வங்கிக்கும் கடைக்காரரின் வங்கிக்கும் நடுவே கணக்கைக் கொண்டுசெல்வது விசா, மாஸ்டர்கார்டு, 2012-இல் தோன்றிய ரூபே போன்ற வலையமைப்பு. கட்டணமோ கடைக்காரர் தலையில். அதன் பெரும்பங்கு அட்டை தந்த வங்கிக்கே சேருகிறது. ஆகவே வங்கியைக் கவர விரும்பும் வலையமைப்பு கட்டணத்தைக் குறைப்பானேன்? உயர்த்தவே முற்படும்!

வாடிக்கையாளர் வலையமைப்பைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2024 மார்ச் 6-இல் ஆணையிட்டது. செப்டம்பர் 6-இல் அது நடைமுறைக்கு வந்தது. நல்லதே. எனினும், கட்டணம் செலுத்துபவர் வாடிக்கையாளரல்லவே! அமெரிக்க செனட்டில் 2022-இல் கொணரப்பட்டு, நிறைவேறாமல் 2023-இல் மீண்டும் வந்த மசோதா வேறு வழி சொன்னது: பெரிய வங்கிகளின் அட்டையில் இரண்டு பாதைகளேனும் இருக்கட்டும், எது வேண்டுமெனக் கடைக்காரர் தீர்மானிக்கட்டும். என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

பரிசுப் புள்ளிகள் குறைந்துபோகும் என்று வங்கிகள் எச்சரிக்கின்றன. குறையலாம். ஆனால் கட்டணம் சரக்கின் விலையில் கலந்துவிடுவதால், அட்டையே இல்லாமல் சில்லறை எண்ணித் தரும் தோட்டத் தொழிலாளியும் அந்தப் புள்ளிகளுக்கு இன்று பங்கு செலுத்துகிறார்.