தோற்ற அணியைத் திருத்துவது எவ்வாறு?



விளையாட்டில் நம்மவர் தோற்றுவிட்டால் மறுநாள் காலையிலேயே ஊரெங்கும் வழக்கு மன்றங்கள் கூடிவிடுகின்றன. தேநீர்க் கடையில் ஒன்று. கல்லூரி விடுதியில் ஒன்று. சோளிங்கரிலிருந்து இராணிப்பேட்டைத் தோல் தொழிற்கூடங்களுக்கு இளைஞர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தில் மற்றொன்று. வாதிகள் பலர், நீதிபதிகளும் பலர். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவோர் மட்டும் பெரும்பாலும் இருவரே. ஒருவர் அணியின் முதன்மை ஆட்டக்காரர், மற்றவர் பயிற்சியாளர். இவ்வழக்கு முறையானதுதானா, தீர்ப்பு நேரியதுதானா என்பதை இந்தியக் கால்பந்து அணியைச் சான்றாக வைத்து இன்று ஆராய்வோம்.

முதலில் நடந்தவற்றைக் காண்போம். 2024 ஜனவரியில் கத்தார் நாட்டில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணி மூன்று ஆட்டங்கள் ஆடியது. மூன்றிலும் தோற்றது, ஒரு கோல்கூடப் போடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்தும் வெளியேறியது. 2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவ் நகரில் சிங்கப்பூர் அணியிடம் 1-2 என்ற கணக்கில் தோற்று, 2027ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பையும் இழந்தது. அந்த ஆட்டத்தில் முதற் கோலைப் போட்டவர்கள் நம்மவர்களே என்பது கசப்பை மேலும் கூட்டியது. நூற்று நாற்பது கோடி மக்களைக் கொண்ட நாடு, நம் சென்னை மாநகரை விடச் சிறிய மக்கள்தொகை கொண்ட ஒரு நகர நாட்டிடம் தோற்றதென்றால், அன்பர்கள் கொதிப்படைந்ததில் வியப்பில்லை.

கொதிப்பின் முதல் இலக்கு ஆட்டக்காரர். அமெரிக்கர் ஆடும் கால்பந்தில் 'குவார்ட்டர்பேக்' என்றோர் இடம் உண்டு. தாக்குதல் ஆட்டம் அவர் கையிலிருந்தே தொடங்கும். ஆகவே வெற்றிமாலையும் அவர் கழுத்தில்தான் விழும், வசைமாரியும் அவர் தலையில்தான் பொழியும். நம் அணியில் அந்த நிலையில் நெடுங்காலம் இருந்தவர் சுனில் சேத்ரி. 2005ஆம் ஆண்டில் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கிய அவர், 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடிய ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். பின்னர் 2025 மார்ச்சில், தமது நாற்பதாம் வயதில், மீண்டும் அழைக்கப்பட்டார். ஷில்லாங்கில் மாலத்தீவு அணியை நாம் 3-0 என்று வென்ற ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். அது அவருடைய தொண்ணூற்றைந்தாவது பன்னாட்டுக் கோல்.

இது குறித்து அன்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்தனர். "அவர் இன்றி அணி இல்லை" என்றது ஒரு கட்சி. "முதியவர் வழிவிட்டாலன்றி இளையவர் எவ்வாறு வளர்வர்?" என்றது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரு கட்சியினரும் கேளாமல் விட்ட வினா ஒன்று இருக்கிறது. இருபது ஆண்டுகளில் அவருக்குப் பின் ஒருவர் ஏன் உருவாகவில்லை? நம் நாட்டுக் கழகங்கள் பலவற்றில் கோல் போடும் முன்னணி இடம் வெளிநாட்டு ஆட்டக்காரருக்கே அளிக்கப்படுகிறது. கழகம் அன்றைய வெற்றியை நாடுகிறது. அதைக் குறைகூற இயலாது. ஆனால் உள்ளூர் இளைஞன் அந்த இடத்தில் நின்று பழகாவிட்டால், நாட்டுக்காக ஆடும் நாளில் மட்டும் அவன் கால் எவ்வாறு தவறாமல் இயங்கும்?

இரண்டாம் இலக்கு பயிற்சியாளர். 2024 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரையிலான பதினான்கு மாதங்களில் இந்திய அணி மூன்று பயிற்சியாளரைக் கண்டது. குரோவேஷியரான இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ஸ்பானியர் மனோலோ மார்க்கெஸ் எட்டு ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் வெற்றி கண்டு விலகினார். அவருக்குப் பின் காலித் ஜமீல் பொறுப்பேற்றார். பள்ளி ஒன்றில் ஓராண்டுக்குள் கணித ஆசிரியர் மூவர் மாறினால் மாணவர் நிலை என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுள் சிலர் அதனைப் பட்டறிந்திருப்பீர்கள்.

இங்கே ஓர் ஆசிரியரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த சையது அப்துல் ரஹீம் என்பவர்தாம் இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கியவர். 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவருடைய அணி ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. மறு ஆண்டே, ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று படுதோல்வி அடைந்தது. நம்மவருள் பலர் அன்று வெறுங்காலுடன் ஆடினர். இன்றைய வழக்கு மன்றங்கள் அன்று இருந்திருந்தால் ரஹீமின் பெயர் அத்துடன் மறைந்திருக்கும். ஆனால் அவர் ஒதுக்கப்படவில்லை. குறை எதுவெனக் கண்டு, காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு அணியை அழைத்துச் சென்றவரும் ரஹீமே. அங்கே நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது.

ரஹீமின் பயிற்சி முறை மாணவர் அறியத் தக்கது. பந்தைத் தன் காலிலேயே வைத்துக் கொண்டு அலையும் வழக்கத்தைப் போக்க, பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்னும் விதியுடன் தனிப் போட்டிகளை நடத்தினார். வலக்கால் பழக்கமுடையவன் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டிகள் வைத்தார். எந்தக் கால் வலிமை குன்றியதோ அதற்கே மிகுதியான வேலை கொடுத்தார். பாடத்திலும் நாம் செய்ய வேண்டியது இதுவன்றோ? வரும் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்து மகிழ்வதும், வராத பாடத்தைக் கண்டு ஓடுவதும் மாணவ இயல்பு. தேர்ந்த ஆசிரியர் அந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகிறார்.

1962இல் ஜகார்த்தாவில் என்ன நிகழ்ந்தது என்பதையும் கேளுங்கள். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றது. அணி கலங்கவில்லை. தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றது. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டிருந்தது. ரஹீம் அவரை ஒதுக்காமல் முன்னணிக்கு மாற்றினார். செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அதே தென்கொரியா. பி. கே. பானர்ஜி ஒரு கோலும், ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட, 2-1 என்று இந்தியா வென்றது. கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். சென்னை ரெஜிமெண்டின் படை மையத்துக்காக ஆடிப் புகழ்பெற்ற அவர், தொடக்கத்தில் முன்னணி ஆட்டக்காரராக இருந்து பின்னர் கோல் காப்பாளராக மாறியவர். எவரை எங்கே நிறுத்துவது என்று அறிவதே பயிற்சியாளரின் கண். அந்தக் கண், மாணவனை நெடுநாள் பார்த்துப் பழகினாலன்றித் திறவாது. புற்றுநோயால் வருந்தி வந்த ரஹீம், அவ்வெற்றிக்குப் பின் ஓராண்டும் நிறையுமுன்னே, 1963 ஜூனில் காலமானார்.

இனி மூன்றாவதும் தலையாயதுமான வினா: சீரமைப்பு. ஜகார்த்தாவில் நம்மிடம் 0-2 என்று தோற்ற ஜப்பான், 1970இல் பாங்காக்கில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்திலும் நம்மிடம் தோற்றது. அதே ஜப்பான் 1993இல் தொழில்முறைக் கழகப் போட்டியைத் தொடங்கியது. 1998இல் முதன்முறையாக உலகக் கோப்பையில் ஆடியது. 2022இல் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வென்றது. ஜெர்மனியும் 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் முதற் சுற்றிலேயே கடைசி இடத்துடன் வெளியேறிய நாடுதான். அவமானத்தை வசையாக்கித் தீர்க்காமல், சிறுவர் பயிற்சிக் கூடங்களை நாடெங்கும் வளர்த்தது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2014இல், உலகக் கோப்பையை வென்றது.

பதினான்கு ஆண்டுகள் என்றவுடன் மலைக்காதீர்கள். நம் பகுதி மக்களுக்குப் பொறுமையின் பயன் தெரியும். பழைய முறையில் தோலைப் பதனிடுவோர், அதனை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு, மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக் கணக்காகக் கிடத்துவர். பொறுமையிழந்து இடையில் எடுத்தால், மேற்புறம் பதமானதாகத் தோன்றும். உள்ளே பச்சையாக இருக்கும். அத்தோல் நெடுநாள் தாங்காது. அணியும் அவ்வாறே. ஒரு பெரிய வெற்றி மேற்புறத்தை மினுக்கலாம். உட்புறம் பதப்பட ஊறுங்காலம் வேண்டும்.

அந்த ஊறல் எங்கே நிகழ்கிறது? பள்ளி விளையாட்டுத் திடலில். தேர்வு நெருங்கினால் விளையாட்டு வகுப்பை எடுத்து வேறு பாடத்துக்குக் கொடுப்பது பல பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. பத்து வயதுச் சிறுவனிடமிருந்து அந்த ஒரு மணி நேரத்தைப் பறித்துவிட்டு, இருபது வயதில் அவன் ஏன் கோல் போடவில்லை என்று கேட்பது அறமாகுமா?

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ஆடவர் அணி தகுதி இழந்த அதே 2025இல், ஜூலை 5 அன்று, இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி அவ்விடத்தை வென்றது அதுவே முதல் முறை. தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாட்டு அணி 2018இலும் 2023இலும் பட்டம் வென்றிருக்கிறது. விதைக்கும் இடத்தில் விளைகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மாணவர்களே, வாதாடுவதை நிறுத்துங்கள் என்று நான் கூறவில்லை. அன்பு இருக்குமிடத்தில்தான் வாதம் பிறக்கும். ஆனால் ஆட்டக்காரரைப் பழிக்குமுன், அவருக்கு அடுத்தவரை யார் வளர்த்தார் என்று கேளுங்கள். பயிற்சியாளரை நீக்கச் சொல்லுமுன், அவருக்கு எத்தனை நாள் தரப்பட்டது என்று எண்ணுங்கள். சீரமைப்பைப் பற்றிப் பேசுமுன், உங்கள் பள்ளித் திடலில் மாலை வேளையில் எத்தனை பேர் ஆடுகின்றனர் என்று போய்ப் பாருங்கள். அங்கே பந்து தவறவிட்ட சிறுவன் ஒருவன் தலைகுனிந்து நின்றால், அவனை எள்ளாதீர்கள். பந்தை எடுத்து மீண்டும் அவன் காலடியில் வையுங்கள். நம் அணியின் சீரமைப்பு அங்கேதான் தொடங்குகிறது.