கடலோடிகளின் கைவினை

காவிரியின் வடகரையில் அமைந்த மோகனூர் கடலுக்கு வெகுதொலைவில் இருப்பினும், ஆற்றுக்கு அப்பாலுள்ள கரூரில் ரோமானிய நாணயங்கள் மிகுதியாகக் கிடைத்திருப்பதால், இந்த வட்டாரம் பழைய கடல்வணிகத்தோடு உறவு கொண்டிருந்தது என்பது தெளிவாகிறது. அந்த நாணயங்கள் வணிகத்தின் வளத்தைச் சொல்கின்றனவே தவிர, அவற்றைக் கொண்டுவந்த கப்பல்களில் பாய் இழுத்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எழுதிவைக்கும் வழக்கமோ வாய்ப்போ இல்லாத உழைப்பாளிகளின் வரலாற்றுக்கு அவர்களது கைவேலையே சான்று என்பதால், நெடும்பயணங்களில் மாலுமிகள் செய்த பொருள்கள் தனிக் கவனத்துக்கு உரியவை.

அவற்றுள் புகழ்பெற்றது 'ஸ்கிரிம்ஷா' எனப்படும் திமிங்கிலப் பல் செதுக்கு வேலை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து, விளக்கெரிக்கும் எண்ணெய்த் தேவைக்காகத் திமிங்கில வேட்டைக்குப் புறப்பட்ட கப்பல்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தே ஊர் திரும்பின; வேட்டையற்ற நாட்கள் மிகுந்திருந்த அப்பயணங்களில், விலைபோகாத பல்லும் எலும்பும் மாலுமிகளின் கைக்கு வந்தன. வரிவரியாக மேடுபள்ளம் கொண்ட பல்லைக் கத்தியால் சுரண்டிச் சமன்செய்து, சுறாத்தோலாலும் நுரைக்கல்லாலும் தேய்த்து மெருகேற்றிய பின், பாய் தைக்கும் ஊசியாலோ கத்தி முனையாலோ கோடுகளைக் கீறுவார்கள். வரையத் தெரியாதவர்கள், அச்சிட்ட படத்தைப் பல்லின்மேல் ஒட்டி, உருவத்தின் ஓரமாகப் புள்ளிகள் குத்தி, பிறகு அவற்றை இணைத்துக்கொள்வார்கள். இறுதியில் விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால், மெருகேறிய பரப்பில் கரி நிற்காமல் கீறல்களுக்குள் மட்டும் தங்கிவிடும்; கப்பலும் அலையும் கறுப்புக் கோடுகளாய் எழும்பும். வீட்டுப் பெண்களுக்கென நூல் சுற்றும் ராட்டம், மாவின் ஓரத்தை நெளிவாக வெட்டும் சிறு சக்கரம் முதலியவற்றையும் இதே பல்லிலும் எலும்பிலும் செய்தார்கள்.

இவ்வாறு செய்தவர்களில் பெரும்பாலோர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. 'சூசன்' என்னும் நான்டக்கெட் கப்பலில் பணியாற்றிய ஃபிரெடரிக் மைரிக், 1828, 1829ஆம் ஆண்டுகளில் செதுக்கிய பற்களில் கப்பலின் பெயரையும் நாளையும் தம் கையொப்பத்தையும் சேர்த்தே பொறித்ததால்தான், ஒரு சாதாரண மாலுமியின் கலை இன்றும் அவர் பெயரோடு பேசப்படுகிறது.

பெயரும் ஊரும் தெரியாதபோது பிழையான கதைகள் எளிதில் வேரூன்றும். எண்கோண மரப்பெட்டிக்குள் சிப்பிகளைப் பூவேலையாகப் பதித்த 'மாலுமியின் காதல் பரிசு' என்னும் பொருளை மாலுமிகளே கப்பலில் செய்தார்கள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். அவற்றுள் பெரும்பாலானவை கரீபியக் கடலின் பார்படாஸ் தீவில் செய்யப்பட்டு, ஊர் திரும்பும் மாலுமிகளுக்குக் கடையில் விற்கப்பட்டவை என்பது பின்னரே புலனாயிற்று.

பெயரைக் கீறிவைத்ததால் ஒருவர் நினைக்கப்படுவதற்குத் தமிழர் தரப்பிலும் நெருங்கிய சான்று உண்டு. எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள குசைர் அல் காதிம் என்னும் பழந்துறைமுகத்தில் கிடைத்த, ஏறத்தாழ 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓடுகளில், கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவர்கள் வணிகரோ மாலுமியோ, கூர்முனையால் கீறிய சில எழுத்துகளே இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அவர்களது பயணத்தை மெய்ப்பிக்கின்றன.

பெயர் குறித்துவைத்தால்தான் கைவினைஞர் நினைவில் நிற்பார் என்னும் இந்த உண்மை காவிரிக்கரைக்கும் பொருந்தும். மூங்கிலைப் பிளந்து, சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இப்போது தாரிட்ட பிளாஸ்டிக் தாளும் போர்த்திச் செய்யும் பரிசல், கடற்கப்பலுக்குச் சற்றும் குறையாத கைத்திறனைக் கோருவது. பாலங்கள் வந்தபின் அதன் தேவை சுருங்கிவருகிறது. இத்தகைய பழைய கைவேலைகளைப் போற்றும்போது ஓர் எச்சரிக்கை தேவை: திமிங்கிலப் பல்லும் யானைத் தந்தமும் சட்டத்தால் காக்கப்படும் உயிர்களின் உறுப்புகள் என்பதால், பழம்பொருள் ஆசையில் எவரும் அவற்றை விலைகொடுத்து வாங்கக் கூடாது. மாறாக, வீட்டில் கிடக்கும் பழைய துடுப்பு, பரிசல் பின்னும் கருவி, வலை ஆகியவற்றைச் செய்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை, அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே நேயர்கள் கேட்டு எழுதி, அந்தப் பொருளோடு சேர்த்து வைக்க வேண்டும்.