வேலை செய்தால் காசு வாங்க வேண்டும், கொடுக்கக் கூடாது

(எமது சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் நாம் விடுவதில்லை. அந்த இடத்திலேயே நின்று கேட்கிறோம். ஆனால் கைத்தொலைபேசியில் வருகிற "வேலை" ஆயிரக்கணக்கில் கழிக்கும்போது, யாரிடமும் சொல்லாமல் அழுகிறோம். இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

அண்மையில் ஒரு தங்கை எமது காரியாலயத்துக்கு வந்தார். உயர்தரம் முடித்தவர். "வீட்டிலிருந்தே வேலை" என்று வட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கிறது. வீடியோக்களுக்கு லைக் போடச் சொன்னார்கள். முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையிலேயே கணக்குக்கு வந்தது. மறுநாள், "பெரிய வேலை தருகிறோம், 5,000 வைப்பிலிடுங்கள்" என்றார்கள். பிறகு 20,000. திரையில் இலாபம் ஏறியது. எடுக்கப் போனபோது, "முதலில் வரி கட்டுங்கள்" என்றார்கள். அம்மாவின் தோடு இன்று அடகில் இருக்கிறது. அந்தப் பிள்ளையை நாம் ஏச முடியுமா? வேலை தேடியது குற்றமா?

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் கடனைத் தாளில் எழுதி, அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளை அனுப்பினார்கள். புதிய தோட்டத்தில் வேலை தொடங்கும்போதே தலையில் கடன். 1921 இல் அதைச் சட்டம் ஒழித்தது. அதே கடன் இன்று தொலைபேசி வழியாக லயத்துக்குள் வர விடலாமா?

ஆகவே ஒரு விதியை மனதில் வையுங்கள். வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால், அது வேலை அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வைப்புப் பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. உங்கள் வங்கிக் கணக்கைப் பாவிக்கக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அதில் வந்து போனால் பொலிஸ் தேடி வருவது உங்களைத்தான்.

அப்படியானால் உண்மையான ஒன்லைன் வேலை இல்லையா? இருக்கிறது. பைவர், அப்வேர்க் போன்ற தளங்களில் கணக்குத் திறக்கக் காசு தேவையில்லை. பைவரில் வாங்குபவர் பணத்தை முதலிலேயே தளத்திடம் கட்டுகிறார். வேலை முடிந்த பின் தளம் 20 வீதம் எடுத்துக்கொள்ளும். 5 டொலர் வேலைக்கு 4 டொலர் நமக்கு. புதியவருக்கு அதுவும் 14 நாட்கள் கழித்துத்தான் கையில் கிடைக்கும். "தளத்துக்கு வெளியே வாருங்கள், கூடத் தருகிறேன்" என்று ஒருவர் கூப்பிட்டால் போகாதீர்கள். வெளியே போனால் கேட்க ஆளில்லை.

என்ன வேலை செய்யலாம்? நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழும் சிங்களமும் தெரியும், ஓரளவு ஆங்கிலமும் தெரியும். அது பெரிய முதல். மொழிபெயர்ப்பு, தமிழில் தட்டச்சு, வீடியோவுக்கு எழுத்து போடுதல், கடைகளுக்கு விளம்பரப் படம் செய்தல் என்று தொடங்கலாம். முதலில் ஒரே ஒரு வேலையை நன்றாகப் பழகுங்கள். மூன்று மாதிரிகளைச் செய்து வையுங்கள். அவற்றைக் காட்டி விண்ணப்பியுங்கள். முதல் வேலை கிடைக்க வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். "நாளைக்கே பத்தாயிரம்" என்பவன்தான் பொய்யன்.

இன்னொன்று. இந்த வேலைக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, நம்பிக்கை நிதியும் இல்லை, சுகவீன விடுமுறையும் இல்லை. ஆகவே தோட்டத்தில் பேர் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு ஓட வேண்டாம். ஓய்வு நேரத்தில் தொடங்குங்கள். வருமானம் நிலைத்த பிறகு யோசிக்கலாம்.

ஏமாந்துவிட்டால் மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். செய்திகளையும் பணம் கட்டிய பற்றுச்சீட்டுகளையும் அழிக்காதீர்கள். பொலிஸில் முறையிடுங்கள். ஸ்ரீ லங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், கூட வருகிறோம்.

தாய்மார்களே, பிள்ளை தொலைபேசியில் வேலை தேடினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இதில் காசு யார் யாருக்குக் கொடுக்கிறது?"