பழஞ்சோறும் பரிசு மேடையும்
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கல்வி, சேவை, தலைமைத்துவம் பற்றியெல்லாம் காலையிலேயே நன்றாகப் பேசி முடித்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுகிறவளுக்குச் சபையைத் தூங்கவிடாத விஷயம் வேண்டும். ஆகவே எனக்கு மிகவும் பிடித்த தொலைக்காட்சிச் சமையல் போட்டிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்களில் பாதிப்பேர் அதைப் பார்ப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும்!

இந்த விளையாட்டின் தாய்வீடு இங்கிலாந்து. 1990 இல் பிபிசி தொடங்கிய மாஸ்டர்செஃப், 2009 இல் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பெரிய திருவிழாவாகவே மாறியது. 2021 இல் சன் டிவியில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்க, அது தமிழும் பேசியது. அதற்கு முன்பே, 2019 இல், விஜய் டிவி ‘குக்கு வித் கோமாளி’யை ஆரம்பித்துவிட்டது. சமையல் தெரிந்தவருக்குச் சமையல் தெரியாத கோமாளி ஒருவர் துணை. உதவி செய்ய வந்தவரே உபத்திரவம். ருசி பார்த்துச் சொல்ல செஃப் தாமுவும் வெங்கடேஷ் பட்டும். கொரோனாக் காலத்தில் ஊரடங்கிக் கிடந்தபோது எத்தனையோ வீடுகளைச் சிரிக்க வைத்த நிகழ்ச்சி அது.

இதில் எங்களுக்கு என்ன இவ்வளவு சுகம்? நான் நினைப்பது இதுதான். அந்த மேடையில் நடப்பதெல்லாம் நமக்குத் தெரிந்த வேலை. நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறார்கள். விடியற்காலையில் எழும்பி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, பெரட்டுக்கு முன் ஓடிய எங்கள் அம்மாமாருக்கு அந்தக் கடிகாரம் புதிதல்ல. பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை வைத்துச் சமை என்கிறார்கள். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் லயத்துக் காம்பராவில் அரைக் கோவாவும், இரண்டு உருளைக்கிழங்கும், ஒரு துண்டுக் கருவாடும் இருக்கும். அதில் ஏழு பேருக்குக் கறி வரும். வேறுபாடு ஒன்றுதான். மேடையில் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்து, ஏன் நன்றாயிருக்கிறது என்று காரணத்தோடு சொல்கிறார். வீட்டில் உப்புக் கூடினால்தான் பேச்சு வரும். சரியாயிருந்தால் பேச்சே வராது.

இரண்டு போட்டியாளர்களை மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரில் பிறந்த தமிழர் சசி செல்லையா, அடிலெய்ட் நகரில் சிறைச்சாலை உத்தியோகத்தராக வேலை பார்த்தவர். 2018 அவுஸ்திரேலிய மாஸ்டர்செஃப் இறுதிப் போட்டியில் இறால் சம்பலும் மீன் கறியும் சமைத்தார். 100 க்கு 93 புள்ளி பெற்று வென்றார். நம்முடைய வீட்டு வாசனையுள்ள சாப்பாடு அந்தப் பெரிய மேடையில் முதலிடம் பெற்றதைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் இந்தச் சபையிலும் இருப்பார்கள்.

இரண்டாமவர், வங்காளதேசக் குடும்பத்தில் வந்த மெல்பேர்ன் பெண் கிஷ்வார் சௌத்ரி. 2021 இறுதிப் போட்டியில் அவர் பரிமாறியது ‘பாந்தா பாத்’. இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் சாப்பிடும் அதே பழஞ்சோறு! கூடவே மசித்த உருளைக்கிழங்கும், பொரித்த மீனும். உணவகங்களில் காணக் கிடைக்காத சாப்பாடு, அதனால் சமைக்கவே பயமாயிருக்கிறது என்று அவரே சொன்னார். நடுவர்கள் கொண்டாடினார்கள். கிடைத்தது மூன்றாமிடம்தான். ஆனால் அந்த ஆண்டு அவருடைய தட்டைப் பற்றித்தான் ஊர் உலகமெல்லாம் பேசியது.

அதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. நம்மில் ஒருத்தி அந்த மேடையில் நின்றால், கோதுமை மா ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் கொண்டு போவாளா? அல்லது இது தோட்டத்துச் சாப்பாடு என்று மறைத்துவிட்டு வேறெதையாவது சமைப்பாளா? நம் தலைமுறையில் பலர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியை முழுவதும் திறக்காமலே சாப்பிட்டவர்கள். ரொட்டிக்காக வெட்கப்படக் கற்றுக்கொண்டவர்கள்.

ஆனால் வெட்கத்தை விட்டுவிட்டு நேரே பெருமைக்குத் தாவிவிடவும் என்னால் முடியவில்லை. கோதுமை நம் மலையில் விளைவதில்லை. கூப்பனில் வந்த மாவும் தோட்டத்தில் பங்கிட்ட மாவும்தான் நமக்கு ரொட்டியைப் பழக்கின. 1973, 74 இல் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. இன்றும் அந்த நிழல் முழுதாக விலகவில்லை. 2016 இன் தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100 க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். நுவரெலியாவின் கரட்டும் லீக்சும் லொறி லொறியாகக் கீழே இறங்கும் அதே மலையில் இந்த நிலை. ஆகவே அம்மாவின் கைப்பக்குவத்தைப் பாராட்டும்போது, அந்தத் தட்டில் என்ன இல்லை என்பதையும் கேட்க வேண்டும். இல்லாமையை ருசி என்று சொல்லி நாம் மறந்துவிடக் கூடாது.

அதனால் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, நூற்றாண்டு ஆண்டில் நாம் ஒரு சமையல் ஏடு தொகுப்போம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பதார்த்தம் எழுதி அனுப்புங்கள். சுண்டுக் கணக்கு, கைப்பிடிக் கணக்கு எதுவானாலும் சரி. ஆனால் அதைச் சமைத்தவரின் பெயர், எந்தத் தோட்டம், எந்த அடுப்பு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். கைப்பக்குவம் தெரிந்த பாட்டிமார் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போகிறார்கள். கனடாவில் இருப்பவர்கள் இன்றிரவே தொலைபேசி எடுத்துக் கேட்கலாம்.

இரண்டாவது, அந்த ஏட்டை விற்று வரும் பணம் முழுவதும், காலையில் சாப்பிடாமல் நம் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் முட்டைக்கும் பாலுக்கும் போகட்டும். யார் அந்தப் பிள்ளைகள் என்பது வகுப்பாசிரியைகளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இன்று நமக்குச் சமைத்தவர்கள் இன்னும் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் அந்த வேலையைக் காட்டுவதே இல்லை. தேநீர் வருவதற்குள் நாலு பேர் என்னோடு எழும்பி வாருங்கள். நன்றி சொல்லிவிட்டு, பாத்திரங்களிலும் ஒரு கை பார்ப்போம்.